மூன்று முறை ஹலோ

நூலகத்தில் அவருக்கு லேபிள் என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. புதிதாக வரும் புத்தகங்களைப் படித்துப் பார்த்து முதுகில் நிறம் ஒட்டுவது அவர் வேலை. அறிவியலுக்கு நீலம், கதைக்கு மஞ்சள். அட்டையைப் பார்த்துவிட்டு ஒட்டித் தள்ளுகிற ஆள் அல்ல. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு லேபிளைத்தான் பிய்த்து மாற்றி ஒட்டியிருக்கிறார். அதையும் இன்றுவரை சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வந்து வாய்த்தது பாருங்கள், சொந்த அக்கா எழுதிய புத்தகம்.

அக்கா முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். ஓய்வு பெற்ற மறுநாளே பூமிக்கு வெளியே உயிர்கள் உண்டா என்று படிக்க உட்கார்ந்தாள். ஆறு வருஷம் படித்து, நூற்று நாற்பது பக்கம் எழுதி, அறுபது பிரதி அச்சடித்தும்விட்டாள். ஒன்றைக் கொண்டுவந்து தம்பியின் மேசைமேல் வைத்தபோதே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நீலம் ஒட்டுறதா இருந்தா வை. மஞ்சள்னா திருப்பிக் குடுத்துடு. எல்லாத்தையும் கட்டிப் பரண்ல போட்டுடுறேன். ஆறு வருஷமா நான் ஒண்ணும் கதை எழுதிட்டு இருக்கல."

பிறந்ததிலிருந்து தம்பியிடம் ஒரு உதவி கேட்டிராதவள் அவள். கேட்ட முதல் உதவியே இப்படித் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

தலைமை நூலகர் அம்மா புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தார். "வேற்றுக் கிரகவாசியா? மஞ்சளை ஒட்டிட்டு அடுத்த வேலையைப் பாருங்க. ஒருத்தரும் கண்ணால பார்க்காத விஷயம் எப்படி அறிவியல் ஆகும்?"

"பார்க்காததையெல்லாம் எடுத்துட்டா நீல அலமாரியில பாதி காலியாயிடும் மேடம். பூமிக்கு நடுவுல என்ன இருக்குன்னு யாரு இறங்கிப் பார்த்தாங்க?"

"அப்போ நீலமா?"

"அதுவும் தெரியல."

"நல்லா இருக்கு போங்க. சனிக்கிழமை அலமாரிக்குப் போயாகணும். அதுக்குள்ள தெரிஞ்சுக்கோங்க."

லேபிளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு அத்தியாயத்தையும் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: இது தப்பாக இருந்தால், தப்பு என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? இருந்தால் அந்த இடத்தில் நீலச் சீட்டு, இல்லாவிட்டால் மஞ்சள் சீட்டு. கடைசியில் முடிவுரை எந்த நிறமோ அதுதான் புத்தகத்தின் முதுகுக்கு. இது அவரே போட்ட விதி. அக்காவுக்காக அதை வளைப்பதா என்று யோசித்தபோதே அவருக்குக் கூசியது.

படிக்க ஆரம்பித்தவர் டீயை மறந்தார். தூரத்து நட்சத்திரத்துக்குக் குறுக்கே ஒரு கோள் போனால் வெளிச்சம் துளியூண்டு மங்குமாம், பல்புக்கு முன்னால் கொசு போன மாதிரி. மறுபடி அளந்து பார்க்கலாம், மங்காவிட்டால் கோள் இல்லை. நீலச் சீட்டு. அந்தக் கோளின் காற்றில் சில வாயுக்கள் சேர்ந்து இருந்தால் அங்கே உயிர் இருக்கலாம் என்று எழுதியிருந்தாள். அடுத்த வரியிலேயே, 'உயிர் இல்லாமலும் இப்படி வரலாம், அதையும் சோதிக்க வேண்டும்' என்று தானே தன் காலை வாரிக்கொண்டிருந்தாள். அடேயப்பா! நீலச் சீட்டு. வானொலி அலைகளைக் கேட்கும் அத்தியாயத்தில் எந்தத் திசை, எந்த அலைவரிசை, எத்தனை மணி நேரம் என்று கணக்காக இருந்தது. தன்னோடு ஒரே வீட்டில் வளர்ந்த ஒருத்திக்குள் இவ்வளவு இருந்ததா என்று லேபிளுக்குத் தாங்கவில்லை. பத்து அத்தியாயம், பத்தும் நீலம்.

பதினோராவதுதான் முடிவுரை, மூன்றே பக்கம். 'அவர்கள் இருக்கிறார்கள். பேசாமல் நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.'

மூன்று தடவை படித்தார், எழுத்து மாறவில்லை. மஞ்சள் சீட்டை வைத்தார்.

அன்று மாலை வேலை முடிந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனார். அவள் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தம்பி முகத்தைப் பார்த்ததுமே குழாயை மூடினாள்.

"மஞ்சளா?"

"கடைசி அத்தியாயம் மட்டும்தான்கா இடிக்குது. அங்கேருந்து குரல் வந்தாலும் நீ சொன்னது சரி, வராட்டி 'பேசாம கேக்குறாங்க', அப்பவும் நீ சொன்னது சரி. தோக்கவே முடியாத ஆட்டமா இருக்கு. முதல் பத்துல நீ அப்படி ஆடலையே?"

அக்கா ஈரக் கையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தார். அவள் வேறு எதையோ ஆரம்பித்தாள்.

"வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம். ஒருத்தர் தன் தம்பிக்கு லைன் கேட்டாரு. போட்டேன். அந்தப் பக்கம் எடுத்தாங்க, ஆனா பேச்சே இல்ல. மூணு தடவை ஹலோ சொன்னேன். அப்படி ஆனா, லைன் விவரம் எழுதுற சீட்டுல 'பதில் இல்லை'ன்னு எழுதி, லைனை வெட்டாம மறுபடி கூப்பிட்டுப் பாக்கணும். எனக்கு ஷிப்ட் முடியுற நேரம். 'ஆள் இல்லை'ன்னு எழுதி, லைனை வெட்டிட்டேன். தம்பி எங்கேயோ வெளியே போயிருக்கான்னு நினைச்சு, அந்த அண்ணன்காரர் மறுநாள்தான் போய்ப் பார்த்திருக்காரு. பக்கவாதம். போனை எடுத்த மனுஷனுக்கு வாய் வரல, அவ்வளவுதான்."

"ஐயோ. இதை நீ சொன்னதே இல்லையேக்கா?"

"யாருகிட்ட சொல்ல? அந்தத் தம்பி உயிர் பொழைச்சுட்டாரு, பேச்சு மட்டும் வரவேயில்ல. ஏழு மாசம் கழிச்சு எங்க ஆபீசுக்குத் தேடி வந்தாரு. திட்டப் போறாருன்னு நடுங்கிட்டு நின்னேன். ஒரு நோட்டுல எழுதிக் காட்டினாரு. 'மூன்று முறை ஹலோ சொன்னீர்கள். மூன்றும் கேட்டது.'"

அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

"அதுக்கப்புறம் எங்கே சத்தம் இல்லேன்னாலும், யாரோ கேட்டுட்டு இருக்காங்கன்னுதான் எனக்குத் தோணும். அதைத்தான்டா எழுதினேன். அது எப்படி மஞ்சள் ஆகும்?"

பேசாமல் நீலத்தை ஒட்டிவிட்டுப் போய்விடலாம், யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்றுகூட லேபிள் ஒரு கணம் நினைத்தார். ஆனால் இந்த ஒருத்தியிடம் பொய்யாக ஒட்டினால், அந்தப் பத்து நீலச் சீட்டுக்கும் மரியாதை இல்லாமல் போய்விடும். எப்படியோ வாயைத் திறந்தார்.

"அக்கா, அன்னிக்கு நீ காதுல கேக்காததை எழுதின. ஆள் இல்லைன்னு. இப்பவும் காதுல கேக்காததைத்தான் எழுதியிருக்க. ஆள் இருக்குன்னு."

அக்கா நிமிர்ந்து பார்த்த பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

"எழுந்து போடா," என்றாள்.

போனார். அடுத்த மூன்று நாளும் அக்காவிடமிருந்து ஒரு போன் இல்லை. இவராகக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெரிய நியாயஸ்தன் வந்துவிட்டேன் என்று தன்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார். சனிக்கிழமை காலை தலைமை நூலகர் அம்மா புத்தகத்தைக் கேட்டபோது, "பத்து நிமிஷம் மேடம்" என்றார். அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

எட்டாவது நிமிஷம் அக்கா இரண்டு பைகளை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்க்காமலே ஒரு பிரதியை எடுத்து மேசைமேல் போட்டாள்.

"அதைத் திருப்பிக் குடு. இதை வச்சுக்கோ. மிச்சம் அம்பத்தொன்பதுலயும் பிளேடு வச்சு வெட்டி ஒட்டியிருக்கேன். விரலெல்லாம் போச்சு."

கடைசி மூன்று பக்கங்கள் இல்லை. அந்த இடத்தில், தொலைபேசி நிலையத்துச் சீட்டு மாதிரியே கோடு போட்டு, கையால் எழுதிய ஒற்றைத் தாள்.

கேட்ட திசை: வானத்தில் மிகச் சிறிய பகுதி.
கேட்ட அலைவரிசை: சில மட்டும்.
கேட்ட நேரம்: போதாது.
முடிவு: பதில் இல்லை.
குறிப்பு: பிறகு யாருக்காவது குரல் கேட்டால் இந்தப் பதிவு தவறு. அடித்துவிடவும்.
இணைப்பு: துண்டிக்கப்படவில்லை.

லேபிள் கடைசி வரியைத் திரும்பவும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேசை இழுப்பறையைத் திறந்து நீல லேபிளை எடுத்து, புத்தகத்தின் முதுகில் வைத்து, கட்டை விரலால் ஓரம்வரை அழுத்தித் தேய்த்தார். அக்கா பக்கத்தில் நின்று, அது நன்றாக ஒட்டிக்கொண்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.