அக்டோபர்ல பாப்போம்

மலாக்கை ஃபோன்டேனை விற்றுவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, வர்ஜில் டாக்கெட் யாரோ ஒருவர் வீட்டு நிலவறையில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்த போனில் ரேடியோ முனகிக்கொண்டிருந்தது. லூயிவில் பைலட்ஸ் கூடைப்பந்து அணி தன் நட்சத்திர ஆட்டக்காரனை மேற்குக் கரைக்கு அனுப்புகிறதாம். பதிலுக்கு இரண்டு சின்னப் பையன்கள். கூடவே, வரும் வருடங்களில் கல்லூரியிலிருந்து வருகிறவர்களில் முந்திக்கொண்டு ஆளெடுக்கும் உரிமை மூன்று. டாக்கெட் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு எதற்காக வைத்தோம் என்று மறந்துபோய் அதையே தேடினார்.

வீட்டுக்காரன் படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். "நல்ல வியாபாரம்தான் சார். 2031 வரைக்கும் நமக்கு ஆளெடுக்க வழி இருக்கு. எதிர்காலத்தப் பாக்கணும்ல" என்றான்.

"2031ல பாக்குறதுக்கு நான் இருக்கணுமே தம்பி" என்றார் டாக்கெட்.

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. எதிர்காலமாம். அந்தக் கோடை முழுவதும் இதே பாட்டுதான். முதலில் கோச்சை அனுப்பினார்கள். அப்புறம், முழங்கால் இரண்டிலும் பட்டை கட்டிக்கொண்டு எட்டு வருடம் கூடைக்கடியில் இடி வாங்கிய கிழட்டு சென்டர் ஆட்டக்காரனை, ஒரு நன்றிகூடச் சொல்லாமல் ஃப்ளோரிடாவுக்குப் போக விட்டார்கள். மாற்று ஆட்டக்காரன் ஒருவனை அவனுடைய கல்யாண வாரத்தில் நீக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் டாக்கெட்டுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அந்த எரிச்சலில் ஒரு சுகம் இருந்தது, ஒவ்வொன்றையும் அரங்கத்தில் பக்கத்து இருக்கை மிஸ் எர்லீனிடம் எப்படிச் சொல்வது, அந்தம்மா என்ன சொல்லித் திட்டும் என்று வேனை ஓட்டிக்கொண்டே யோசிக்கலாம். மலாக்கை விஷயம் அப்படியில்லை. இதைக் கேட்டதும் அந்தம்மா திட்டுவது அவர் காதில் விழவில்லை. பெட்டி கட்டுவதுதான் தெரிந்தது.

எர்லீன் ப்யூரிஃபாய் அவருக்கு என்ன உறவு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அரங்கத்தின் மேல் அடுக்கில் படியோரத்து இருக்கை அந்தம்மாவுடையது, அதற்கு அடுத்தது அவருடையது. பன்னிரண்டு வருடமாகச் சீசன் டிக்கெட் எடுத்து இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தோற்கிறார்கள், அவ்வளவுதான். அந்தம்மா பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் தலைமைச் சமையல்காரராக இருந்து இந்த மே மாதத்தோடு ஓய்வு. டாக்கெட்டின் மனைவி அவரை விட்டுப் போய் எத்தனையோ காலமாயிற்று. வெளியே ஒரு காப்பிக்குக்கூட அவர்கள் சேர்ந்து போனதில்லை. போன் நம்பர் வாங்கிக்கொண்டதில்லை. மேல் அடுக்கில் யாரும் வாங்குவதில்லை. அங்கே பழக்கமெல்லாம் இருக்கைக்குள்ளேதான், அக்டோபரில் முளைத்து ஏப்ரலில் அடங்கிவிடும். பேரன் பிறந்ததும் ரத்தக் கொதிப்பும் எல்லாம் தெரிந்திருக்கும், வீடு எந்தத் தெருவில் என்று தெரியாது. சீசனின் கடைசி ஆட்டம் முடிந்ததும் டாக்கெட், "அக்டோபர்ல பாப்போம் மிஸ் எர்லீன்" என்பார். அந்தம்மா, "தோத்தாலும் பாப்போம்" என்பார். போய்விடுவார்கள்.

ஆட்டம் சூடுபிடித்தால் எர்லீன் அவர் பக்கம் சாய்வார். மலாக்கையின் எட்டாம் நம்பர் பனியனை ஸ்வெட்டருக்கு மேல் மாட்டிக்கொண்டு, பாப்கார்ன் டப்பாவை மடியில் அணைத்தபடி, தோள் அவர் தோளில் அழுந்த அப்படியே கால் மணி நேரம் இருப்பார். டாக்கெட் அசையவே மாட்டார். மூக்கு அரித்தால்கூடச் சொறியமாட்டார். வீட்டுக்குப் போகிற வழியில் அந்தத் தோள் மட்டும் கதகதவென்றிருக்கும். இதையெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அறுபத்தோரு வயதில் இதை யாரிடம் சொல்வது.

கடைசி ஆட்டத்தன்று எர்லீன் கொஞ்சம் அமைதியாகத்தான் இருந்தார். மூன்றாம் பகுதியில் திடீரென்று, "டாக்கெட், ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கய்யா. இந்தப் பையன வித்தாங்கன்னா நான் இந்தப் படி ஏறுறது இன்னியோட சரி. என் பொண்ணு அட்லாண்டாவுக்கு வா வான்னு உசுர எடுக்குறா. இங்க எனக்குன்னு வேற என்ன இருக்கு?" என்றார்.

"விக்க மாட்டாங்க மிஸ் எர்லீன். இன்னும் ரெண்டு வருஷம் ஒப்பந்தம் பாக்கி இருக்கு. நீங்க பேசாம பாப்கார்ன் சாப்பிடுங்க."

அந்தம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோடையெல்லாம் தனியா என்னய்யா பண்ணுவ?"

"கொல்லையில தக்காளி போட்டிருக்கேன்."

"தக்காளி பேசுமா?"

நல்ல நகைச்சுவை என்று டாக்கெட் விழுந்து விழுந்து சிரித்தார். ஆட்டம் முடிந்ததும், கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் சேர்வதற்குள் கிளம்பவேண்டும் என்று அவசரமாக எழுந்து, "அக்டோபர்ல பாப்போம்" என்றார். எர்லீன் கைப்பையைத் திறந்து எதையோ துழாவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி, பையை மூடிவிட்டு, கையை மட்டும் தூக்கிக் காட்டினார். தோற்றாலும் பார்ப்போம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அது அவருக்கு உறைக்கவில்லை. இப்போது நிலவறையிலிருந்து ஏறி வரும்போது உறைத்தது. நம்பர் எழுதித் தரப் பேனாவைத்தான் தேடினாரோ என்னவோ.

டிக்கெட்டைப் புதுப்பிக்கும் கெடு அந்த வாரத்தோடு முடிந்தது. ரேடியோவில் ஆளாளுக்குப் போன் பண்ணி, இனிமேல் ஒருத்தனும் டிக்கெட் எடுக்காதீர்கள், அரங்கம் காலியாகக் கிடக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று கத்தினார்கள். டாக்கெட்டுக்கும் சரியென்றுதான் பட்டது. மலாக்கை பத்தொன்பது வயதில், கன்னத்தில் பருவோடு வந்தவன். தோற்ற ராத்திரிகளில்கூட மேல் அடுக்கை அண்ணாந்து பார்த்துக் கை காட்டிவிட்டுப் போவான். அவனையே தூக்கிக் கொடுத்தவர்களுக்கு எதற்குப் பணம் தரவேண்டும். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டேதான் பணத்தைக் கட்டினார். கோபத்தில் சொன்ன பேச்சை மறந்து அந்தம்மா அக்டோபரில் வந்து உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் வேறு யாரோ இருந்தால் என்ன செய்வது. தேடிப் போகலாம்தான். பள்ளிக்கூடங்கள் எல்லாம் விடுமுறையில் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்தாலும், நான் பக்கத்து இருக்கைக்காரன் என்றா போய்ச் சொல்வது.

ஜூலைக் கடைசியில் அரங்கத்தைத் திறந்து விடுவார்கள். புதிதாக டிக்கெட் எடுக்கிறவர்கள் உள்ளே வந்து, எந்த இருக்கை வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம். புதுப்பிக்காமல் விட்டுப்போன இருக்கைகளின் முதுகில் மஞ்சள் அட்டை கட்டித் தொங்கும். பழைய ஆட்கள் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள், சாவு வீட்டில் சாமான் ஏலம் பார்க்கிற மாதிரி இருக்கும் என்பார்கள். டாக்கெட்டும் இத்தனை வருடத்தில் போனதில்லை. இந்தத் தடவை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

கீழே வெளிச்சுவரில் மலாக்கையின் படம் இருந்த இடத்தில், இன்னும் மீசை சரியாக அரும்பாத இரண்டு பையன்கள் நின்று சிரித்தார்கள். டாக்கெட் நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்ப் படி ஏறினார். மேல் அடுக்கு முழுவதும் மஞ்சளாக இருந்தது. ஊரே விட்டுவிட்டுப் போயிருந்தது. அத்தனை மஞ்சளில் ஒன்று மட்டும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே ஏறினார். இருந்தது. படியோரத்து இருக்கையின் முதுகில், கொஞ்சம் கோணலாக.

டிலேனி என்று பெயர்ப்பட்டை குத்திய விற்பனைப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "சார், இந்த சீட்டா? நல்லா யோசிச்சீங்கன்னா இதவிட—"

"இதுல இருந்த அம்மா..." டாக்கெட் மஞ்சள் அட்டையைத் தொட்டுக் காட்டினார். "அவங்க நம்பர் இருந்தா குடும்மா. நான் அடுத்த சீட்டுக்காரன். பன்னெண்டு வருஷமா."

அவள் கையிலிருந்த டேப்லெட் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "குடுக்கக் கூடாது சார். வேலை போயிரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த நம்பரும் இப்ப இல்ல சார். நாங்களே நாலு தடவ கூப்பிட்டோம்" என்றாள். கீழிருந்து யாரோ கூப்பிட, அவள் இறங்கிப் போனாள்.

டாக்கெட் தன் இருக்கைக்குப் போகவில்லை. மஞ்சள் அட்டையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு எர்லீனின் இருக்கையில் உட்கார்ந்தார். அதில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. நிமிர்ந்து பார்த்தார். கூடையைக் காணோம். படிக்கட்டுக் கைப்பிடியின் இரும்புக் கம்பி நேராக அதன் குறுக்கே நின்றது. தன் இருக்கைப் பக்கம் தலையைக் கொஞ்சம் சாய்த்ததும் கூடை தெரிந்தது.

ஓ, அதற்காகத்தானா.

பன்னிரண்டு வருடம். அந்தம்மா கூடையைப் பார்க்கச் சாய்ந்திருக்கிறார், இவர் மூக்கைச் சொறியாமல் உட்கார்ந்திருந்தார். முட்டாள் கிழவா என்று தன்னையே சொல்லிக்கொண்டார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்திருக்கப் படிப்பக்கம் கையை ஊன்றினார். உடம்பு அந்தப் பக்கம் ஒருக்களித்தது.

கூடை தெரிந்தது. முழுதாக, வலையோடு, எந்த மறைப்பும் இல்லாமல். அந்தப் பக்கம் வெறும் படிக்கட்டு. இடிக்க யாருடைய தோளும் கிடையாது, காலை நீட்டிக்கொள்ளக்கூட இடமிருந்தது. சாய்வதற்கு அதுதான் வசதி. யாராக இருந்தாலும் அந்தப் பக்கம்தான் சாய்வார்கள்.

டாக்கெட் எழுந்திருக்கவில்லை. அப்படியே இருந்தார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

ஒரு இளம் கணவனும் மனைவியும் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையன் தயங்கினான். "சார், இது காலிதானே? இங்கருந்து ஆட்டம் நல்லாத் தெரியுமா?"

"கம்பி மறைக்கும்" என்றார் டாக்கெட். "கொஞ்சம் சாஞ்சுக்கணும்."

"எந்தப் பக்கம் சார்?" என்றாள் அந்தப் பெண்.

அவர் சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் அவருடைய இருக்கை, உட்கார ஆளில்லாமல், மடிந்து நின்றது.