தேத்தண்ணி கொடுத்த சம்மதம்

யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றத்தின் பின்வரிசை வாங்கில் யூலியட் இருந்தாள். தம்பி பிரசாந்தன் வேண்டுமென்றே தள்ளிப் போய் இருந்தான். பொலிஸ் அவனுடைய படகு இயந்திரத்தைத் தூக்கிப் போனதிலிருந்து அவன் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நாரந்தனையில், கனடாவிலிருக்கும் செல்வரத்தினத்தாரின் பூட்டிய வீட்டுத் திறப்புக் கொத்து யூலியட்டிடம்தான். களவுக்குப் பயந்து பிரசாந்தன் இயந்திரத்தை அங்கே வைப்பான். ஒருநாள் காலை துவக்குகளோடு பொலிஸார் வந்து, "கடத்தல் சாமான் இருக்காம்" என்றார்கள். அடுத்த சொல் வருமுன் அவள் கதவைத் திறந்துவிட்டாள். தேடுதல் ஆணை உண்டா என்று கேட்கவில்லை. போதாக்குறைக்கு எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

கடத்தல் சாமான் ஒன்றும் அகப்படவில்லை. கடத்தலுக்குப் பயன்பட்டது என்று சொல்லி இயந்திரத்தை ஏற்றிப் போனார்கள். நீதவான் அதை அரசுடைமையாக்கினார். பிரசாந்தன் அடுத்தவன் படகில் கூலிக்கு ஏறினான்.

"கேக்கும் வெட்டிக் குடுத்திருக்கலாமே அக்கா!" அதுதான் அவன் கடைசியாகச் சொன்னது.

மேன்முறையீட்டில் அரச சட்டத்தரணியும் தேத்தண்ணியைத்தான் பிடித்துக்கொண்டார். திறந்தவரும் அவர், உபசரித்தவரும் அவர். இதைவிடச் சம்மதம் வேறென்ன?

இன்று தீர்ப்பு. நீதிபதி கீழ்நீதிமன்றத்தில் யூலியட் சொன்ன சாட்சியத்தை வாசித்தார்: "யூனிபோம் வந்தா முதல்ல கதவு, பிறகு தேத்தண்ணி. சண்டைக் காலத்தில இருந்து அப்பிடித்தான். திறக்கச் சுணங்கின வீட்டுக்காரர் பட்ட பாட்டைக் கண்டனாங்கள்."

நீதிபதி நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "இது சம்மதம் அல்ல, அச்சம். ஆணையில்லாமல் செய்த இந்தத் தேடுதல் சட்டவிரோதம். கடத்தலுக்கு வேறு சான்றும் இல்லை. இயந்திரத்தை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும்."

வெளியே வேப்பமர நிழலில் பிரசாந்தன் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"பயத்திலதான் திறந்தனான் எண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"பயமெண்டு எனக்கே தெரியாதடா. வழக்கமெண்டுதான் நினைச்சனான்."

"இனியும் வந்தா?"

யூலியட் பொய் சொல்ல விரும்பவில்லை. "கை தானாத் திறக்கப் போகும், தம்பி. ஏலாது."

அவன் அவளுடைய கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டான்.

"அப்ப முதல்ல என்னைக் கூப்பிடு. ஆணை எங்க எண்டு ரெண்டு பேருமாக் கேப்பம்."