விளிம்புக்கு மேலே ஒரு விரற்கடை

விருத்தாசலத்தில் பூங்கோதை வீட்டு வெள்ளிக் கோப்பையில் வருஷத்துக்கு ஒருநாள், ஐப்பசி பதினேழாம் தேதி காலையில், தானாகத் தண்ணீர் ஊறும். விரல் நீளத்துக்கு ஒரு கெண்டையும் அதில் இருக்கும். தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. அன்றைக்குத் தக்காளி என்ன விலை என்றுதான் பேசுவார்கள்.

கோப்பை வந்த கதை சின்னது. வெள்ளைக்காரன் காலத்தில் மணிமுத்தாறு கரையுடைத்த ஓர் ஐப்பசி பதினேழில், பூங்கோதையின் பூட்டன் சாமிக்கண்ணு ஒரு ரயில்வே துரையைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். துரை மெட்ராஸில் சொல்லி, இரண்டு கைப்பிடி வைத்து, சாமிக்கண்ணு பெயரை இங்கிலீஷில் வெட்டி, கோப்பையை அனுப்பிவைத்தான். மறுவருஷம் அதே தேதியில் ஆற்றுத்தண்ணீர் மீனோடு கோப்பைக்குள் வந்து நின்றது. வீட்டில் இருந்தவர்களுக்கு உள்ளங்கையில் ஒரு வாய் ஊற்றிவிட்டு, அவர் மீனை ஆற்றில் கொண்டுபோய் விட்டார். அதுவே வழக்கமானது. மற்ற நாளெல்லாம் கோப்பை கண்ணாடி அலமாரியில் பூட்டியிருக்கும், யாரும் தொடக் கூடாது.

அப்பா சாகும்போது கோப்பையைப் பூங்கோதையிடம்தான் கொடுத்தார். அண்ணன் ராஜமாணிக்கத்துக்கு அது பொறுக்கவில்லை. "ஆம்பளப் புள்ள நான் இருக்கறப்ப அது ஏன் அங்க போவுது?" என்று தெருவில் நின்றே கேட்டான். பூங்கோதை விடுவாளா? அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்து ஆறு வருஷம் ஓடியது. திட்டக்குடியில் நடந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூட அவள் போகவில்லை. அண்ணன் என்றைக்காவது அள்ளிக்கொண்டு போய்விடுவான் என்று அலமாரிச் சாவியைப் புருஷன் பிரபாகரனின் அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டாள். அதைவிடப் பத்திரமான இடம் ஏது, நீங்களே சொல்லுங்கள்.

பிரபாகரன் பீங்கான் பொம்மைக்கு அச்சு எடுப்பவன். அவள் வண்ணம் தீட்டுகிறவள். பதினெட்டு வருஷமாக அவன் வார்த்த பிள்ளையாருக்கெல்லாம் கண் வரைந்தது அவள்தான். போன தையில் அவன் சொந்தமாகச் சூளை போட்டான், சேத்தியாத்தோப்பு சிநேகிதன் உதவினான் என்றான். அந்தச் சூளைக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, முதல் நெருப்பைப் பற்றவைத்ததும் பூங்கோதைதான்.

இந்த ஐப்பசி பதினேழு காலையில் கோப்பையை வெளியே எடுத்து, திருநீறு போட்டுத் துலக்க இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தாள். விரல் நுனிகள் ஒன்றோடொன்று முட்டின. எந்த வருஷமும் முட்டியதில்லை, நடுவில் இடம் இருக்கும். பீங்கான் வேலை செய்கிறவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு பொருள் மேலேயே அச்செடுத்து மண்ணை வார்த்தால், வெந்து வரும்போது பத்தில் ஒரு பங்கு சுருங்கிப்போகும். கையிலிருந்தது மண். மேலே பளபளத்தது வெறும் மெருகு.

அண்ணனைத் திட்ட வாயெடுத்தவள், இடது கைப்பிடிக்கு அடியில் அச்சு பொருந்தின கோட்டைப் பார்த்தாள். அந்தக் கோட்டைப் பெருவிரல் நகத்தால் வழித்து மறைக்கிற கை ஊரில் ஒன்றுதான்.

"இன்னாங்க இது?"

பல் விளக்கிக்கொண்டிருந்த பிரபாகரன் திரும்பிப் பார்த்து, அப்படியே நின்றான். "புதுச்சேரியில பழைய சாமான் வாங்கற ஒருத்தர் முன்பணம் குடுத்தாரு, சூளை போட்டப்புறந்தான் கோப்பையக் குடுத்தேன். நமக்குன்னு ஒரு சூளை வேணாமா, பூங்கோத? கண்ணாடிக்குள்ளதான இருக்குது, அளந்தா பாக்கப்போறன்னு நெனச்சேன்."

"நான் கற்பூரம் காட்டுன நெருப்புலயா இத வேகவச்சீங்க?"

அவன் திரும்பி வாயைக் கொப்பளித்துத் துப்பினான்.

"எங்கண்ணன் திருடுவான்னு உங்க இடுப்புல சாவியக் கட்டுனேனே, பாவி மனுஷா!"

அப்போது தண்ணீர் வந்தது. மண் கோப்பையின் அடியிலிருந்து ஊறி, விளிம்பைத் தொட்டு, மேலும் ஏறியது. வெள்ளிக் கோப்பை எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு, விளிம்புக்கு மேலே ஒரு விரற்கடை, ஒரு சொட்டு சிந்தாமல் நின்றது. அந்த மேல்தண்ணீரில் கெண்டை நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பூங்கோதை ஆறு வருஷத்துக்குப் பிறகு அண்ணனுக்கு போன் போட்டாள். அடுத்த பஸ்ஸில் அவன் வந்து இறங்கினான். "உன்னயப் போயித் திருடன்னு நெனச்சிட்டேண்ணே" என்று அழுதாள். அவன் கோப்பையைக் குனிந்து பார்த்தான். "மொதல்ல தண்ணிய ஊத்து, மீன ஆத்துல வுடணும்" என்றான்.

அண்ணன் ஒரு வாய் குடித்தான், அவள் குடித்தாள். பிரபாகரனும் கையை நீட்டினான். வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, ஊற்றினாள். தண்ணீர் அவன் கையில் விழவில்லை. உள்ளங்கைக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்றுவிட்டது.

இன்னும் அங்கேயே நிற்கிறது. காயவுமில்லை, சிந்தவுமில்லை. அவன் சாப்பிடும்போது சற்று ஒதுங்கிக்கொள்கிறது. சூளைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அகல்விளக்கு டஜன் என்ன விலை என்று கேட்கிறார்கள். பூங்கோதை மட்டும் அந்தக் கையில் எதையும் கொடுப்பதில்லை. சோறோ டீயோ, கீழே வைத்துவிட்டுப் போகிறாள்.