பெல்ட்டைத் தின்ற புல்லி

ஜன்னல் கண்ணாடியில் கோலால் இரண்டு தட்டு. இரண்டு என்றால் தப்பாகச் செய்கிறாய் என்று அர்த்தம். ஒன்று என்றால் நிறுத்து, மூன்று என்றால் உள்ளே வா. போன இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்ததிலிருந்து ஊர்ஹோ இப்படித்தான் பெண்டாட்டி ஐலியை மேய்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு மிஞ்சியது ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், ஒரு கோல், ஏவுவதற்கு ஐலி. வாய் மட்டும் விழவில்லை.

ஏரியிலிருந்து மூன்று நாளாகப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அதை முப்பதடி தூரம் வீசவேண்டிய பனி மெஷின் ஐலியின் காலடியிலேயே கக்கியது. ரப்பர் கருகும் நாற்றம் வேறு.

பக்கத்து வீட்டு சூலோ தன் வாசலை வழித்துவிட்டுச் சிரித்தபடி நின்றான். "என்னக்கா, உங்க மெஷின் பனிய வீசுதா, எச்சில் வடிக்குதா?"

"கிண்டல் பண்ணாதடா. இந்தக் குளிருக்கே இது மூணாவது பெல்ட்."

"பெல்ட்ட விடுங்க, அது சுத்துற சக்கரம், அந்தப் புல்லியப் பாத்தீங்களா? பெல்ட் புல்லியோட ரெண்டு பக்கத்தையும் கவ்வணும். அடியில போயி உக்காந்தா வழுக்கும், கருகும். உள்ள பள்ளத்துல அடிப்பக்கம் பளபளன்னு மின்னுச்சுன்னா புல்லி தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம். எத்தன பெல்ட் போட்டாலும் தின்னுரும்."

ஐலி மெஷினை அணைத்தாள். பதினோரு வருஷத்துக்கு முன் இதே வாசலில், அவள் மகன் ஆர்னியின் கையில்தான் முதல் பெல்ட் கருகி அறுந்தது. அவனுக்குப் பத்தொன்பது வயது. "கண்ணுமண்ணு தெரியாம முடுக்கி மெஷின நாசம் பண்ணிட்டியேடா தண்டச்சோறு! தப்பு எம்மேலதான்னு சொல்லு, இல்ல வெளிய போ" என்று தெருவே பார்க்கக் கத்தினார் ஊர்ஹோ. நான் செய்யவில்லை என்றான் ஆர்னி. அன்றைக்குப் போனவன்தான். பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் புது பெல்ட் மாட்டும்போதெல்லாம் "உம்புள்ள கெடுத்த மெஷின்" என்று அவளுக்கு ஒரு குத்து விழும். கை விழும்வரை மெஷினின் மூடியை அவரேதான் கழற்றி மாட்டுவார்; இந்தக் குளிருக்கு ஜன்னலடியில் வைத்து அவர் தட்டத் தட்ட ஐலி அவசரமாகப் பெல்ட்டை மாற்றினாள், உள்ளே குனிந்து பார்க்க மட்டும் அவர் விட்டதில்லை.

இன்று ஐலி மெஷினைக் கொட்டகைக்குள் தள்ளிப்போய் மூடியைக் கழற்றினாள். பெல்ட்டை உருவிவிட்டு விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். புல்லியின் பக்கச் சுவர்கள் குழிந்து கிடந்தன. பள்ளத்தின் அடி, தேய்த்து வைத்த காப்பிக் கரண்டி போல மின்னியது. அட பாவமே, கெடுத்தது எம்புள்ள இல்லையே!

இறுக்கும் திருகுகளைத் தளர்த்தி, எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டினாள். துருவில் ஒட்டிக்கிடந்த புல்லி அசையவில்லை. அதைக் கவ்வி இழுக்கும் மூன்று கால் கருவிக்காக கொட்டகையிலிருந்த ஊர்ஹோவின் வேலைமேஜையின் அடி இழுப்பறையைத் துழாவினாள். கருவி கிடைத்தது. அதற்குப் பின்னால் ஒரு பார்சலும் கிடைத்தது. பிரித்து, திரும்ப மூடிய பார்சல். மேல்விலாசம் ஆர்னியின் கோழிக்கிறுக்கல். அவன் போன பத்தாம் நாள் டுலூத் நகரத் தபாலாபீசில் முத்திரை குத்தியிருந்தார்கள்.

உள்ளே புத்தம்புதுப் புல்லி. கூடவே ஒரு சீட்டு.

"அப்பா, நான் முடுக்கி ஓட்டல. புல்லிதான் தேஞ்சிருக்கு. இத மாட்டிப் பாருங்க, உங்களுக்கே தெரியும். அப்புறம் அம்மாவ ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. அம்மாவும் நான்தான்னு நம்புறாங்க, அதுதான் தாங்க முடியல."

கீழே ஒரு போன் நம்பர்.

ஐலி கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவன் ஒருதரம் போன் செய்தான். "அம்மா, அப்பா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டான். "என்னடா சொல்லணும்? மொதல்ல மன்னிப்புக் கேளு, அப்புறம் அம்மான்னு கூப்புடு" என்று இவள்தான் போனை வைத்தாள். அதற்குப் பிறகு போன் வரவே இல்லை.

சீட்டோடு சமையலறைக்கு ஓடி அந்த நம்பரைச் சுழற்றினாள். இந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது. மறுபடி சுழற்றினாள். அதே மரியாதை.

ஊர்ஹோ நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க எடுத்த அத?"

"ஏங்க, தெரிஞ்சே வச்சிருந்தீங்களா?"

"பெத்தவன் புள்ளகிட்டத் தோக்கணுமாக்கும்? நல்ல இரும்பு, எறிய மனசு வரல."

"நான் தெனம் அழுததப் பாத்தீங்களே!"

"என்னைய ஏன் கேக்குற? நானா போன வச்சேன்? நீதானடி வச்ச."

அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் கொடுமை. ஐலி கொட்டகைக்குத் திரும்பினாள்.

மூன்று கால் கருவியை மாட்டித் திருகினாள். பழைய புல்லி கிறீச்சிட்டுக்கொண்டு கழன்று வந்தது. தண்டைத் துடைத்துப் புதியதை ஏற்றினாள், கீழ்ப்புல்லியோடு நேராக இருக்கிறதா என்று மரச்சட்டம் வைத்துப் பார்த்தாள், திருகுகளை இறுக்கினாள். பெல்ட் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அரைமணி வேலை! அரைமணி வேலைக்காகப் பதினோரு வருஷம் பிள்ளை இல்லாமல் போனதே!

வாசலுக்கு வந்து மெஷினைக் கிளப்பினாள். பனி வெள்ளை வில்லாக எழும்பிச் சாலையோரம் போய் விழுந்தது. "அடேயப்பா! இப்பத்தான்கா மெஷினுக்கு உசுரு வந்திருக்கு" என்று கத்தினான் சூலோ.

ஐலி மெஷினில் பனியை வீசும் குழாயின் வாயை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

முதல் வீச்சு ஜன்னலின் கீழே அப்பியது. கண்ணாடியில் இரண்டு தட்டு கேட்டது. அவள் வாசல் முழுக்க வாரி வாரி அங்கேயே எறிந்தாள். ஊர்ஹோவின் மார்பு மறைந்தது, தாடை மறைந்தது. ஒரு தட்டு. பிறகு மூன்று. பிறகு கணக்கே இல்லாமல் தட்டினார்.

"அக்கா, ஜன்னல் மூடுது! அண்ணன் உள்ள இருட்டுல கெடப்பாரு!"

"கெடக்கட்டும்" என்றாள் ஐலி. "ஏப்ரல்ல தானா உருகும்."

மேல் சட்டத்தில் இன்னும் ஒரு சாண் கண்ணாடி தெரிந்தது. அதற்குள் அவருடைய நரைத்த உச்சியும், ஆடும் கோல்நுனியும் தெரிந்தன. அவள் குழாயின் வாயைக் கொஞ்சம் உயர்த்தினாள்.