வெண்ணெயாய்ச் சுழன்ற குமிழ்

மச்சான் மதியம் வருவார். வந்தால் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டுதான் போவார். அவளுடைய துணிமணிகளை அடுக்கிய பெட்டி கதவோரம் தயாராக நின்றது.

அந்தப் பெட்டி கண்ணில் படாதபடி முதுகைக் காட்டி உட்கார்ந்து, பழைய மின்சார அடுப்பின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தார் லிஃப்ட் மெக்கானிக். கையில் முக்கோண அரம்.

மனைவிக்குப் பார்வை போனது போன வருடம். தட்டுத் தடுமாறி வீட்டைப் பழகிக்கொண்டாள். தையல் மெஷினைக்கூட விரலாலேயே தடவி ஓட்டினாள். அவளைத் தோற்கடித்தது அடுப்புதான். மேலே வழவழவென்று கண்ணாடி போட்ட புது அடுப்பு. தொட்டால் எரியும், தொட்டால் அணையும். எங்கே தொடுவது என்பது கண் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். போன வாரம் சூடான இடத்திலேயே உள்ளங்கையை வைத்துவிட்டாள்.

கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும், லாரி ஓட்டும் அவள் அண்ணன் கொதித்துவிட்டார். "நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போயிடுறீங்க மாப்பிள்ளை. இவ இங்க கருகிக் கிடந்தா யாரு பாக்கறது? ஞாயித்துக்கிழமை வர்றேன், கூட்டிட்டுப் போறேன்."

அவள் மறுத்துப் பேசுவாள் என்று கணவர் காத்திருந்தார். அண்ணன் போன பிறகுதான் சொன்னாள்: "என் வீட்டுல ஒரு டீ போட முடியலன்னா நான் விருந்தாளிங்க. எத்தனை நாளைக்கு விருந்தாளியா இருக்கறது? அந்தக் காலத்து அடுப்பு மாதிரி திருகற குமிழ் இருந்தாலாவது சமாளிச்சிருப்பேன்."

அந்தக் காலத்து அடுப்பு ஒன்று அவருக்குத் தெரியும். லிஃப்ட் பழுது பார்க்கப் போன ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தூசி குடித்துக் கிடந்தது. மேலே நான்கு தட்டு, முன்பக்கம் நான்கு குமிழ். "தூக்கிட்டுப் போனா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் காவலாளி.

வாரம் முழுக்க வேலை முடிந்து வந்து அதோடு மல்லுக்கட்டினார். தொட்டாலே காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்த வயர்களைப் பிடுங்கிப் புதிதாகப் போட்டார். செத்துப்போன சுருள்களை மாற்றினார். எர்த் வயர் இழுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் நான்கு தட்டும் செக்கச்செவேலென்று சிவந்தன.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் குமிழ்கள் 'டக் டக்'கென்று முரண்டு பிடித்தன. லிஃப்ட் கிளம்பியதும் தெரியக் கூடாது, நின்றதும் தெரியக் கூடாது என்று தொழில் பழகியவர் அவர். முரட்டுத்தனம் கண்டால் கை ஊறும். ஸ்விட்சுகளைப் பிரித்தார். அரத்தால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, கிரீஸ் தடவினார். குமிழ்கள் வெண்ணெயாய்ச் சுழன்றன.

ஞாயிறு காலையில் மனைவியைக் கூப்பிட்டார். "வந்து பாரேன்!" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பாக்கறேன், பாக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே வந்தவள், குமிழைத் திருகினாள். மறுபடி திருகினாள். சிரிப்பு வடிந்துவிட்டது.

"என்னங்க, இது எங்க நிக்குது?"

"எங்க வேணாலும் நிக்கும். எப்படி வழுக்குது பாத்தியா?"

"எங்க வேணாலும் நின்னா, எரியுதா அணைஞ்சிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குமிழுக்குப் பின்னால் ஒரு பித்தளை வட்டு; அதன் விளிம்பில் பள்ளங்கள். ஸ்பிரிங் தள்ளும் குண்டு ஒவ்வொரு பள்ளத்திலும் விழும்போது 'டக்'. அவளுக்குக் கண்ணாக இருக்க வேண்டிய பள்ளங்களைத்தான் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்துத் தள்ளியிருந்தார்.

"கடையில கிடைக்காதா?"

"இதைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல."

"சரி, விடுங்க" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் சுவரைப் பிடித்தபடி போய்ப் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்தாள்.

அப்போது எடுத்த அரத்தை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை. டெஸ்டர் வைத்து ஒவ்வொரு சூட்டுக்குமான இடத்தைக் கண்டுபிடித்து, ஊசியால் குறியிட்டு, பித்தளையில் புதுப் பள்ளம் வெட்டினார். முதல் வட்டு ஆழம் தாங்காமல், கதவோரம் இருந்த அவளுக்கும் கேட்கும்படி 'பட்'டென்று பிளந்தது. இரண்டாவதில் அரம் வழுக்கி விரலைக் கிழித்தது, பள்ளமும் கோணிக்கொண்டது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூன்றாவதை எடுத்தார். அணைக்கும் இடத்தில் மட்டும் பள்ளத்தை மற்றவற்றைவிட ஆழமாக இறக்கினார்.

வெளியே லாரி ஹாரன்.

நான்காவதைத் தொடவே நேரமில்லை. மூன்றாவது வட்டு போட்ட ஸ்விட்சை இடது ஓரத்தில் மாட்டினார். மற்ற மூன்றின் வயர்களையும் கழற்றிவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, மியூசியத்துல திருடிட்டு வந்தீங்களா?" மச்சான் அடுப்பைச் சுற்றிப் பார்த்தார். "கிளம்பும்மா."

மெக்கானிக் மனைவியின் காதருகே போனார். "இடது ஓரம். அது மட்டும். ஒரு தடவை தொட்டுப் பாரு."

அவள் விரல்கள் தகட்டில் ஊர்ந்து குமிழைப் பிடித்தன. "ஈரமா இருக்கே?"

"எண்ணெய்."

"எண்ணெய் இப்படி ஒட்டாது" என்றாள் மெதுவாக. பிறகு திருகினாள். டக். இன்னொரு டக். இன்னொன்று.

"அண்ணே, டீ குடிச்சிட்டுப் போலாம்."

தட்டுக்கு மேலே எட்டத்தில் கையை நீட்டிச் சூடு பார்த்து, பாத்திரத்தை வைத்தாள். மச்சான் பதறி முன்னால் வந்தார்.

"உன் செருப்புச் சத்தம் கேக்குது. அங்கேயே நில்லு."

தண்ணீரின் இரைச்சல் மாறும்வரை காது கொடுத்து நின்றாள். தேயிலை போட்டாள், பால் ஊற்றினாள். குமிழைத் திருப்பினாள்: டக், டக். கடைசியில் 'டொக்'கென்று கனமாக ஒன்று. அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. டம்ளரில் ஊற்றும்போது பாதி மேடையில் வழிந்தது. மீதியை அண்ணனிடம் நீட்டினாள்.

அவர் நின்றபடியே குடித்தார். "சக்கரை கம்மி."

"டப்பா அடுப்புக்கு வலது பக்கம். நீயே போட்டுக்கோ."

மச்சான், மாப்பிள்ளையின் துணி சுற்றிய விரலைப் பார்த்தார். வழிந்த டீயைப் பார்த்தார். "ஒத்தை அடுப்புல சமையலா, மாப்பிள்ளை?"

மெக்கானிக், கழற்றிவிட்டிருந்த வயர்களை எடுத்துக் காட்டினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றேன். அவ கையால. நாலும் எரியணும். இல்லன்னா சொன்ன சொல்தான்." பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு அவர் படியிறங்கினார்.

லாரியின் சத்தம் தேய்ந்ததும் அவள் கையை நீட்டினாள். "விரலைக் கொடுங்க, கட்டறேன். அந்த ஒடைஞ்ச வட்டை என்ன செய்யப் போறீங்க?"

"தெரியல."

"தெரிஞ்சுக்கங்க" என்றாள். அரத்தைத் தேடி எடுத்து அவர் மடியில் வைத்தாள்.