நடுங்காத குறி

கள்ள நிரலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த நாரேவின் கண்ணில் ஒரு வரியின் நடுவே 'போரி' என்ற பெயர் பட்டது. லாரியில் அடிபட்டுச் செத்த அவர்கள் வீட்டு நாயின் பெயர். அடுத்த வரிகளில் அதன் மூன்று குட்டிகளின் பெயர்களும் இருந்தன. நிரலுக்குள் இப்படிப் பெயர் வைக்க அவள் அண்ணன் ஹன்சோலைத் தவிர வேறு ஆள் கிடையாது.

ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டில் இதுபோன்ற நிரல்களை வைத்துக் கள்ளாட்டம் ஆடுகிறவர்களைப் பிடிப்பதுதான் தென் கொரியாவின் பாங்யோ நகரில் அவளுக்கு வேலை. அதே கம்பெனி நேர்காணலில் ஹன்சோலை இரண்டு முறை கழித்துக் கட்டியிருந்தது. மறு வருடம் தங்கையை எடுத்துக்கொண்டது.

நேராக டீம் லீடரிடம் போயிருக்க வேண்டும். அவள் மாடிப்படிக்குப் போய், சொந்த ஊரான குன்சானில் இருந்த அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, போரியைப் பாத்தேன்."

நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம் நின்றது. "அது செத்து பதினஞ்சு வருசம் ஆச்சே."

"விளையாடாதே. மாட்டினா போலீஸ் கேஸு. இன்னைக்கே நிறுத்திடு."

"மூணு மாசமா விக்கிறேன், உங்க ஆளுங்க ஒருத்தனுக்கும் மோப்பம் பிடிக்கத் தெரியலையே."

அவளுக்குச் சுருக்கென்றது. "தெரியலையா? உன் நிரல் வைக்கிற துப்பாக்கிக் குறி ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி எதிராளி தலைக்குப் போகுது. மனுசக் கை நடுங்கும், தாண்டிப் போய்த் திரும்பி வரும். அதை வெச்சுத்தான் பிடிக்கிறோம்!"

"சரிம்மா, நிறுத்திடுறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்று வைத்துவிட்டான். அவளும் அறிக்கையில் அந்தப் பெயர்களைப் பற்றி எழுதவில்லை.

பத்தாம் நாள் அந்தக் கள்ள நிரலின் புதுப் பதிப்பு வந்தது. குறி லேசாக நடுங்கியது. தலையைத் தாண்டிப் போய், தப்பை உணர்ந்ததுபோலத் திரும்பி வந்தது. கம்பெனியின் வலையில் ஒன்றுகூடச் சிக்கவில்லை. உள்ளே நாய்க்குட்டிப் பெயர்கள் எதுவும் இல்லை.

"நாம பிடிக்கிற வழி தெரிஞ்ச எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்" என்றார் டீம் லீடர்.

நாரே எழுந்தாள். "நான்தான் சார். எங்க அண்ணன்கிட்ட."

அந்த வாரமே அவள் வேலை போனது. போலீஸ் ஹன்சோலின் கணினிகளை அள்ளிக்கொண்டு போனது. விசாரணை முடிந்த அன்று அம்மா போனில் கத்தினாள்.

"யார் சொல்லிக் குடுத்ததுன்னு போலீஸ்ல ரெண்டு தடவை கேட்டாங்களாம். யாரும் சொல்லலை, நானாத்தான் கண்டுபிடிச்சேன்னு சாதிச்சானாம். நீ எதுக்குடி முந்திக்கிட்டுப் போய் ஒப்பிச்சே?"

அவன் அப்படிச் சொன்னது பாசத்தினாலா, ரோஷத்தினாலா என்று நாரேவுக்குப் புரியவில்லை.

சுசொக் என்ற அறுவடைத் திருநாள் விடுமுறைக்கு ஊருக்குப் போனாள். அண்ணனின் அறைக்கதவு சாத்தியே இருந்தது. அம்மா அவனுக்கு உள்ளே சாப்பாடு கொடுத்துவிட்டு வந்து, இவளுக்கும் ஒரு கிண்ணம் சூப்பை வைத்தாள். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே, அண்ணனின் முகத்தைப் பார்க்காமலே நாரே திரும்பிவிட்டாள்.