சாய்த்த கூடை

சவப்பெட்டிக்கு அடியில் விரிக்க வேண்டிய பாய்களை உதறிக்கொண்டிருந்தபோதுதான் வசிதி அத்தை அதைச் சொன்னாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பாயின் ஓரத்து அலங்காரக் கம்பளி நூலை நீவிவிட்டுக்கொண்டே, "எங்கண்ணன் ஆறு மாசம் அந்த ஈரப்பலா மரத்தடியில உக்காந்திருந்தாரு. எங்கள ஒரு வார்த்த கேக்கல" என்றாள்.

"எத கேக்கல, அத்தை?"

"மட்டிக் கணக்கத்தான். நீ குடுத்த நோட்டுல எழுதினாரே."

தித்திலியா உதறிக்கொண்டிருந்த பாயைக் கீழே வைத்தாள். கண்டவுத் தீவில் ஆண்பிள்ளை வளர்ந்துவிட்டால் உடன்பிறந்தவளோடு நேருக்கு நேர் பேசமாட்டான். பெரியப்பா, சித்தப்பா பெண்களும் அதில் சேர்த்தி. அது மரியாதை. அவளும் அதற்குள் வளர்ந்தவள்தான். சுவா நகரில் நாலு வருஷம் படித்ததில் அது எப்படியோ நினைவிலிருந்து நழுவிவிட்டது. "கடல் பாறையிலேருந்து மட்டி பொறுக்கிட்டு வர்ற பொம்பளைங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் எத்தனை மட்டின்னு கேட்டு எழுதுங்கப்பா" என்று நோட்டைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினாள். அப்பா இசிகேலி சரி என்றார். மகள் கேட்டு அவர் எதற்குத்தான் மாட்டேன் என்றிருக்கிறார்?

போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்து உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். சுவாவிலிருந்து சவப்பெட்டியை ஏற்றி வந்த கப்பலிலேயே அவளும் வந்திறங்கினாள். கப்பல் நாளைக் காலை திரும்பும். நாளை மறுநாள் பல்கலைக்கழகத்தில், அந்த மட்டிக் கணக்கை வைத்து எழுதிய கட்டுரையை வாசிக்க வேண்டும். தேறாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், படிப்பும் அதோடு சரி. கட்டுரையின் நாலாம் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்: 'பதினான்கு பெண்களிடமும் தினமும் நேரில் கேட்டுப் பதியப்பட்டது.'

உள்ளறையில் அப்பாவின் பைபிளுக்குக் கீழே நோட்டு இருந்தது. திறந்தாள். அப்பா வாய்விட்டுக் கேலி பேசக்கூடிய முறைப்பெண்கள் ஆறு பேர். அவர்களுக்கு நேரே முப்பத்தேழு, ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்று. தங்கைகள் எட்டு பேருக்கு நேரே நாற்பது, ஐம்பது, அறுபது, மறுபடியும் நாற்பது. எல்லாம் முழுப் பத்துகளாக, கண்மதிப்பில் போட்டது மாதிரி. அப்பா அனுப்பிய பக்கப் படங்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றியபோது இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? வேகமாக முடிக்க வேண்டும் என்ற அவசரம். அவளுக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது.

"என்ன ப்ரொபசரம்மா, எழவு வீட்லயும் பரீட்சைக்குப் படிப்பா?" கிழங்கு மூட்டையோடு வாசலில் நின்றான் லெபானி. தாய்மாமன் மகன், கிண்டல் செய்ய உரிமை உள்ளவன்.

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"இவ்வளவுதானா? மாமா எழுந்து வந்து சாட்சி சொல்லப் போறாரா? அப்படியே படிச்சுட்டு வா."

"அப்படியே படிச்சா பொய். எடுத்துட்டா பாதிக் கட்டுரை போயிடும். உள்ளத சொன்னா, எங்கப்பா குத்துமதிப்பா எழுதினாருன்னு நானே அம்பது பேர் முன்னாடி சொல்லணும். மண்ணு காயறதுக்குள்ள."

மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டான்.

"எனக்குத் தெரியல, தித்தி. கெழங்கு வேகணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் அத்தையிடம் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன.

"கேக்காம எப்படி எழுதினாரு, அத்தை?"

"நாங்க வர்றத பாத்தா முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்குவாரு. நாங்க மரத்த தாண்டறப்போ கூடைய அவரு பக்கமா கொஞ்சம் சாச்சுட்டு நடப்போம். ஓரக்கண்ணால பாத்துக்குவாரு. எட்டு பேரும் அப்படித்தான். யாரும் பேசி வெச்சுக்கல. நீ படிக்கணும்ல."

தித்திலியா பையிலிருந்து கட்டுரையை எடுத்தாள். "கட்டுரையில அவரு உங்ககிட்ட நேர்ல கேட்டதா போட்டுட்டேன். மாத்தணும். மாத்தினா அப்பா ஒழுங்கா செய்யலன்னு ஆயிடுமேன்னுதான் பயமா இருக்கு."

அத்தையின் கை நின்றது.

"கேட்டாருன்னா? எங்களயா?" குரல் இறுகியது. "எங்கண்ணன் தங்கச்சிங்கள நிக்க வெச்சுப் பேச்சு குடுத்தாருன்னா எழுதியிருக்க? ஊரு பேரோடயா?"

"ஆமா."

"அடிப்பாவி. மொதல்ல அத அழி."

அவள் அந்த இடத்திலேயே, பாயின்மேல் காகிதத்தை வைத்து, நாலாம் பக்கத்து வரியை அடித்தாள். மேலே பென்சிலால் எழுதினாள்: 'எட்டு பெண்கள் பதிவு செய்தவரின் தங்கைகள். அவர் அவர்களிடம் கேட்கவில்லை. கடந்து போகையில் அவர்கள் கூடையைச் சாய்த்துக் காட்டினார்கள். அந்த எண்கள் மதிப்பீடு மட்டுமே. இதை முன்பே யோசிக்காதது என் பிழை.' எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினாள். அத்தை தலையாட்டிவிட்டு அடுத்த பாயை எடுத்தாள். ஆறு பேர் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு மேடையில் எத்தனை நிமிஷம் நிற்க முடியும் என்று தித்திலியா யோசித்தாள்.

பிற்பகலில் அடக்கம் முடிந்தது. மண் மேட்டின்மேல் பாய் விரித்தார்கள். பெண்கள் பூக்கள் கொண்டு வந்தார்கள். வேறு கூடை ஏது, பாறைக்குக் கொண்டுபோகிற கூடைகளில்தான். முறைப்பெண்கள் ஆறு பேரும் அழுதுகொண்டே பூவைக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

தங்கைகள் கடைசியில் வந்தார்கள். வசிதி அத்தை முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தாள். மேட்டருகே வந்ததும் கூடையை அந்தப் பக்கமாகச் சாய்த்தாள். பின்னால் வந்தவளும் சாய்த்தாள். அதற்கடுத்தவளும். தித்திலியா எட்டு வரை எண்ணினாள். யாரும் கூடையை முழுக்கச் சாய்க்கவில்லை, உள்ளே இருப்பது தெரிகிற அளவுக்குத்தான்.